சபூர் பக்கத்தில் பதினொரு ஸ்டார்

சின்னமனூர்
5.10.2024, சனி

ஹாஜராவின் தாயார் பல்கீஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மஹ்மூதா ஆலிமா. உங்கள் மகள் மாலையில் ஓத வரும் மதரஸாவில் இந்த ஜூன் மாதம் முதல் பாடம் எடுக்கிறேன். உங்களோடு போனில் பேசலாம் என்று இரண்டு முறை முயன்றேன். மேகமலையில் உங்கள் டிவிஷனுக்கு டவர் இல்லை என்றும், எஸ்டேட் பஸ் கண்டக்டர் விஜயபாண்டியிடம் கொடுத்தால் கடிதம் மறுநாளே சேர்ந்துவிடும் என்றும் ஹாஜரா தங்கிப் படிக்கும் வீட்டில் அவள் பெரியம்மா சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

நல்ல செய்திதான். இம்மாதம் 20ஆம் தேதி ஞாயிறு மதரஸா ஆண்டு விழா. அதில் ஹாஜரா ஐந்து நிமிடம் பேசுகிறாள். தலைப்பு, சபூர் என்னும் பொறுமை.

அவளைத் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்ல வேண்டும். இந்த வருடம் பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். நான்கு பகுதி: முயற்சி, தவக்குல், சபூர், ஷுக்ரு. அன்றாடம் தாங்கள் செய்ததை அதில் ஓரிரு வரி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்து, நல்லதாகப் பட்டவற்றுக்கு ஸ்டார் போடுவேன். பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்விடம் பொறுப்பை விடுங்கள் என்ற நபிமொழியைச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் தவக்குல் பக்கத்தில் ஒருவன், "சைக்கிளைப் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டேன். அப்புறம் அல்லாஹ்விடம் விட்டேன்" என்று எழுதியிருந்தான். ஷுக்ரு என்னும் நன்றிப் பக்கத்தில் ஒருத்தி, "இன்று சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தது" என்று எழுதியிருந்தாள்.

சபூர் பக்கத்தில் மொத்த மதரஸாவிலும் அதிக ஸ்டார் ஹாஜராவுக்குத்தான். பதினொன்று. நாற்பத்தொரு பிள்ளைகளில் அடுத்து வருபவளுக்கு ஐந்து. ஓதிக் கொடுக்கும்போது ஹாஜரா தலையை ஒருபக்கமாகத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொடுத்து, கண்ணை மூடிக் கேட்பாள். பாடம் கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு அவளைத்தான் காட்டுவேன். இப்போது முன் வரிசையில் நாலைந்து பேர் அதே மாதிரித் தலையைத் திருப்பிக்கொண்டு உட்காருகிறார்கள்.

விழாவுக்கு நீங்களும் அவள் அத்தாவும் அவசியம் வர வேண்டும்.

வஸ்ஸலாம்.
மஹ்மூதா

---

மேகமலை
23.10.2024

மஹ்மூதா ஆலிமா அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். ஹாஜரா விழாவுக்கு வராத காரணம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அரைகுறையாகத் தெரிந்திருக்கலாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்து எனக்குச் சந்தோஷம். காலாண்டு லீவுக்குக்கூட அவள் மலைக்கு வரவில்லை, பேச்சுக்குப் பயிற்சி என்று அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஆயுத பூஜைக்கு எஸ்டேட் லீவு. விழாவுக்குப் போட ஒரு சுடிதார் எடுக்கலாம் என்று 12ஆம் தேதி கீழே இறங்கினேன். தலையை மூடும் மக்கனாவைக் கழற்றி அவளுக்குத் தலை வாரினேன். இடது காதிலிருந்து நாற்றம் வந்தது. தலையணை உறையைப் பார்த்தேன். ஒரு பக்கம் மஞ்சளாக இருந்தது. அக்கா அதை எண்ணெய்க் கறை என்று நினைத்திருந்தாள். தூங்கும்போது தவிர எந்நேரமும் மக்கனா போட்டிருந்த பிள்ளையின் காதை யார் பார்ப்பது?

14ஆம் தேதி க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இடது காது ஜவ்வில் ஓட்டை. சீழ் நாள்பட்டது. காது கேட்கும் திறனை மெஷினில் அளந்தார்கள். அந்தக் காதில் பாதிகூட இல்லை. முதலில் சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்துக் காதைக் காய வைக்க வேண்டும், பிறகு ஆபரேஷன் என்றார்கள். எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஹாஜராவிடம் கேட்டேன். பையிலிருந்து உங்கள் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். தேதி எல்லாம் அதில் இருந்தது.

ஆகஸ்ட் 2. "இடது காது வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சபூர் செய்தேன்." ஸ்டார்.

ஆகஸ்ட் 9. "படுக்கும்போது காது ரொம்ப வலித்தது. அழவில்லை. சபூர் செய்தேன்." ஸ்டார்.

ஆகஸ்ட் 23. "காதில் தண்ணீர் மாதிரி வந்தது. மக்கனாவில் துடைத்துக்கொண்டேன். சபூர் செய்தேன்." ஸ்டார். பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் மாஷா அல்லாஹ்.

செப்டம்பர் 13. "ஸ்கூலில் மிஸ் கூப்பிட்டது கேட்கவில்லை. திமிர் என்று திட்டினார்கள். சபூர் செய்தேன்." ஸ்டார்.

எல்லாவற்றையும் எழுதவில்லை. பதினொரு ஸ்டாரில் ஏழு காதுக்காக வாங்கியது. டாக்டரம்மா நோட்டை வாங்கிப் படித்தார்கள். இந்த ஸ்டார் யார் போட்டது என்று கேட்டார்கள். எங்கள் ஆலிமா என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்துப் பாடம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இடது காது கேட்காத பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்?

ஹாஜராவை மலைக்குக் கூட்டி வந்துவிட்டேன். இங்கே எஸ்டேட் ஸ்கூலில் சேர்க்கப் பார்க்கிறோம். அவள் அத்தா ஜமாஅத்தில் புகார் கொடுப்பேன் என்கிறார். அது அவர் பாடு. எனக்கு ஒரு கேள்விதான். அந்த வரியை ஏழு வாரம் படித்தீர்கள். பேனாவை எடுத்தீர்கள், ஸ்டார் போட்டீர்கள். அப்போது மனதில் என்ன நினைத்தீர்கள்?

பல்கீஸ்

---

சின்னமனூர்
28.10.2024

பல்கீஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹாஜராவுக்கு அல்லாஹ் பூரண குணம் தர துஆ செய்கிறேன். பிள்ளைகளும் துஆ செய்தார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் சிலவற்றைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு நோட்டு. ஒரு நோட்டுக்கு நான்கு பக்கம். வீட்டு வேலை முடித்து உட்கார்ந்து படிக்கிறேன். மதரஸாவில் பிள்ளை என் கண்முன் இருப்பது ஒன்றரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் பெரியம்மா வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறாள். அங்கேயும் யாரும் கவனிக்கவில்லை. காது வலி பிள்ளைகளுக்கு வருவதுதான், இரண்டு நாளில் போய்விடும், பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நான் கற்றுக் கொடுத்தது தவறான பாடம் அல்ல. மகனைப் பிரிந்த யஃகூப் நபி, என் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்று சொன்னது குர்ஆனில் இருக்கிறது. அழகிய பொறுமை என்றால் மனிதர்களிடம் புலம்பாத பொறுமை என்று எனக்கு ஓதிக் கொடுத்தவர்கள் விளக்கினார்கள். அதைத்தான் நானும் சொன்னேன். வியாதியை மறைக்கச் சொல்லி நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.

ஜமாஅத் செயலாளர் நேற்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நோட்டையெல்லாம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.

என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

மஹ்மூதா

---

மேகமலை
4.11.2024

ஆலிமா அவர்களுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. எத்தனை நோட்டு, எத்தனை பக்கம், எத்தனை மணி நேரம் என்று கணக்காக எழுதியிருக்கிறீர்கள்.

நான் இங்கே செய்யும் வேலை உங்களுக்குத் தெரியாது. எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் ஏழு மணிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு பேர், பாதிப் பேருக்குப் பேச்சு வரவில்லை. அழுகிற பிள்ளையை அழாதே என்று சொல்லி மிட்டாய் கொடுக்க மாட்டேன். எறும்பு கடித்ததா, வயிறா, காதா என்று பார்ப்பேன். அழாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பேன். போன மாதம் பாண்டியம்மாள் மகனை அப்படித் தூக்கினேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை வரச் சொல்லி ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன்.

யஃகூப் நபி கதை எனக்கும் தெரியும். அவர்கள் மகன்களை அனுப்பி, போய்த் தேடுங்கள் என்றும் சொன்னார்கள். அந்தப் பகுதியை ஓதிக் கொடுத்தீர்களா?

ஹாஜரா என்ற பெயரை நான்தான் வைத்தேன். பாலைவனத்தில் கைக்குழந்தை தாகத்தில் துடித்தபோது அந்த அம்மா உட்கார்ந்து சபூர் செய்யவில்லை. இரண்டு குன்றுக்கும் நடுவே ஏழு முறை ஓடினார்கள். தண்ணீர் பிறகுதான் வந்தது. இது உங்கள் மதரஸாவில் மூன்றாம் வகுப்புப் பாடம் என்று நினைக்கிறேன்.

நல்ல பிள்ளை என்று நினைத்தேன் என்கிறீர்கள். நல்ல பிள்ளைதான். அதனால்தான் காது போயிற்று.

இனி எழுத வேண்டாம்.

பல்கீஸ்

---

சின்னமனூர்
18.11.2024

பல்கீஸ் அக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். பதில் எதிர்பார்த்து அல்ல.

என் போன கடிதத்தை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. இப்போது கேட்கிறேன். தவறு பெரியம்மாவுடையதல்ல, பள்ளிக்கூடத்துடையதல்ல. எழுத்தில் சொன்னவள் என்னிடம்தான் சொன்னாள்.

செயலாளரிடம் கொடுப்பதற்கு முன் மற்ற நாற்பது நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தேன். இந்த முறை கையில் பேனா வைத்துக்கொள்ளவில்லை. நான்கு நாள் ஆயிற்று. ஒரு பெண்பிள்ளை காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனதை ஒன்பது முறை எழுதியிருக்கிறாள். அதில் ஐந்துக்கு நான் ஸ்டார் போட்டிருக்கிறேன்.  உங்கள் மகளுக்கு அடுத்து வருபவள் என்று எழுதினேனே, அவள்தான். இன்னொருத்தி போர்டில் எழுதுவது தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன், சபூர் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். இரண்டு பேர் வீட்டுக்கும் போனேன். ஒருத்திக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. மற்ற வீட்டில் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார்கள், காலையில் அடுப்பு எரிவதில்லை என்று தெரிந்தது. தினமும் மாலையில் வகுப்பு தொடங்கும் முன் எல்லாப் பிள்ளைகளுக்கும் சுண்டல் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

பிறகு ஹாஜராவின் நோட்டு. அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாரமும் எதற்கு ஸ்டார் போட்டேன் என்று நான் ஒரு தாளில் குறித்து வைப்பது வழக்கம். அந்தத் தாளில் சபூர் பக்கம் மட்டும் இல்லை. ஆகஸ்ட் 9 வாரத்தில் அவளுடைய முயற்சிப் பக்கத்துக்கும் தவக்குல் பக்கத்துக்கும் ஸ்டார் போட்டதாகக் குறித்திருக்கிறேன். என்ன எழுதியிருந்தாள் என்று எனக்கு நினைவில்லை. நீங்கள் பார்த்தீர்களா? சிரமம் பாராமல் அந்த இரண்டு வரியை மட்டும் எழுதி அனுப்புங்கள். விஜயபாண்டியிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினாலும் போதும்.

ஜமாஅத் கமிட்டியில் நானே நடந்ததைச் சொன்னேன். மதரஸாவில் நோட்டு முறையை நிறுத்திவிடு என்றார்கள். நோட்டு இருக்கட்டும், ஸ்டார் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ரமலான் வரை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மஹ்மூதா

---

மேகமலை
9.12.2024

ஆலிமா அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் கேட்ட இரண்டு வரி.

முயற்சி: "காது வலியை நோட்டில் எழுதினேன்."

தவக்குல்: "ஆலிமா படிப்பார்கள். அல்லாஹ் பார்த்துக்கொள்வான்."

நானும் அந்தப் பக்கங்களை இப்போதுதான் புரட்டினேன். இதைப் பற்றி மேலே எதுவும் எழுத எனக்கு விருப்பமில்லை.

எழுத வந்தது வேறு விஷயம். மூன்றாம் முறையாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். காது காயவில்லை. சீழ் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். இறங்கியிருந்தால் உடனே ஸ்கேன், ஆபரேஷனும் வேறு மாதிரி. விட்டால் மூளைப் பக்கம் போகும் என்றார்கள். இதை முதலில் பிள்ளைதான் சொல்ல வேண்டும். பின்பக்கம் வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா, படுத்தால் அதிகமாகிறதா என்று கேட்டார்கள். ஹாஜரா ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "அல்ஹம்துலில்லாஹ்."

டாக்டரம்மா எலும்பில் விரலை வைத்து அழுத்தினார்கள். பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "வலிக்குதாம்மா?" என்றார்கள். "அல்ஹம்துலில்லாஹ்."

அங்கே ஜெனிபர் என்று ஒரு சிஸ்டர். அந்தம்மா சிரித்துவிட்டு, "ஏத்தா, நான் ஊசி போட்டா மீசை வச்ச ஆம்பளையெல்லாம் கத்துறாக. நீ ஒருத்திதேன் ஸ்தோத்திரம் சொல்ற" என்றது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளையை வீட்டில் யாராவது மிரட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டது.

வீட்டில் நான் கெஞ்சிப் பார்த்தேன். அவள் அத்தா சத்தம் போட்டுப் பார்த்தார். சொன்னால் சபூர் போய்விடும் என்கிறாள். ஒரு நாள் என்னிடம், "நீங்க ஆலிமா இல்லைல்ல" என்றாள். நான் சொல்வது அவளுக்கு அம்மா சொல்வது. நீங்கள் சொன்னது மார்க்கம்.

உங்களை இங்கே வரச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் வாருங்கள். 22ஆம் தேதி ஞாயிறு, காலை பஸ். செக்போஸ்ட் தாண்டினால் வளைவுகள் அதிகம். வாந்தி வரும் என்றால் முன் சீட்டில் உட்காருங்கள். விஜயபாண்டியிடம் சொல்லி வைக்கிறேன், எங்கள் லயன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுவார். வழியில் யானை நின்றால் பஸ்ஸுக்கு நேரமாகும், பதற வேண்டாம். பிள்ளைக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம்.

மறுநாள் திங்கள் மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும்.

பல்கீஸ்

---

சின்னமனூர்
24.12.2024

பல்கீஸ் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று ஆஸ்பத்திரி வரை உங்கள் கூடவே வர நினைத்தேன். கூப்பிடாமல் வரத் தயக்கம். என்ன ஆயிற்று என்று பெரியம்மா மூலம் கேட்டுக்கொண்டேன். ஸ்கேன் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

அன்று நீங்கள் அவசரமாகக் காப்பகத்தைப் பார்த்து வரப் போன அரை மணி நேரத்தில் ஹாஜராவோடு பேசியதை எழுதச் சொன்னீர்கள். மாற்றாமல் எழுதுகிறேன்.

நான் தயாராகத்தான் வந்திருந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அய்யூப் நபிக்கு உடம்பெல்லாம் நோய். "என்னைத் துன்பம் தொட்டுவிட்டது" என்று வாய்விட்டுச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவரைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் என்றான். ஆகவே வலியைச் சொன்னால் பொறுமை போகாது. இதைச் சொன்னேன்.

ஹாஜரா வலது காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு, "அவுக அல்லாஹ்ட்டதான சொன்னாக. டாக்டர்ட்ட சொல்லலையே ஆலிமா" என்றாள்.

 மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற நபிமொழியைச் சொன்னேன். மருந்துதான் தினமும் போட்டுக்கொள்கிறேனே என்றாள். அதுவும் சரிதான். நான் கொண்டு போன பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

 பிறகு என்னமோ தோன்றி நான் வாயைத் திறந்து காட்டினேன். இடது பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பல் எனக்கு இல்லை. எட்டிப் பார்த்தாள்.

"எங்க போச்சு?"

"பதினாலு வயசுல, அரபிக் கல்லூரி ஹாஸ்டல்ல இருக்கும்போது போச்சு. மூணு மாசம் வலிச்சது. யார்ட்டயும் சொல்லல."

"சபூர் பண்ணுனீகளா?"

"ஆமா."

"ஸ்டார் போட்டாகளா?"

"ஸ்டார் இல்ல. எல்லாரையும் நிக்க வச்சு எம்பேரச் சொல்லிப் பாராட்டுனாக."

விரலை நீட்டி அந்த இடத்தை இன்னொரு தரம் பார்த்தாள். "பாராட்டுன பெறகு பல்லு மொளைக்கலையா?"

"மொளைக்கல."

 அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, மக்கனாவை விலக்கி, காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "இங்கன வலிக்குது. குனிஞ்சு ஓதும்போது ரொம்ப வலிக்குது" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். தீபாவளி லீவிலிருந்து என்றாள். நாளைக்கு டாக்டரிடம் இதே மாதிரி கை வைத்துக் காட்டுவாயா என்றேன். தலையாட்டினாள்.

நீங்கள் திரும்பி வந்தபோது நான் நோட்டைக் கேட்டு வாங்கியது நினைவிருக்கும். அந்த ஏழு ஸ்டாரையும் அடித்துவிடலாம் என்றுதான் கேட்டேன். அவள் விடவில்லை. "நான் சபூர் பண்ணுனது நெசந்தானே, அத எதுக்கு அடிக்கிறீக?" என்றாள். நியாயம்தான். அடிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டாருக்கும் பக்கத்தில், "நான் கேட்டிருக்க வேண்டும்" என்று எழுதி அன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஏழு இடத்தில். கேரம் காய் மாதிரி எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அடையும் கட்டன் சாயாவும் கொடுத்ததற்கு நன்றி. நீங்கள் கொடுப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மஹ்மூதா

---

மேகமலை
14.2.2025

ஆலிமா மஹ்மூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இம்மாதம் 6ஆம் தேதி வியாழன் ஆபரேஷன் முடிந்தது. எலும்பிலும் சீழ் இறங்கித்தான் இருந்தது. அதைச் சுத்தம் செய்து, ஜவ்வுக்கும் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்று டாக்டரம்மா சொன்னார்கள். எவ்வளவு கேட்கும் என்பது மூன்று மாதம் கழித்து மெஷினில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். முழுசாகத் திரும்பாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் 23 அன்று டாக்டரம்மா கேட்கும் முன்னாலேயே ஹாஜரா கையை வைத்துக் காட்டினாள். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. வார்டில் ஆறு நாள் இருந்தோம். ஊசி வலிக்குது, பிளாஸ்டர் இழுக்குது, தலையணை மேடா இருக்கு, பக்கத்துக் கட்டில் ஆச்சி குறட்டை விடுறாக என்று ஓயாமல் பட்டியல். ஜெனிபர் சிஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா, இதுக்கு நீ ஸ்தோத்திரமே சொல்லியிருக்கலாம்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் அத்தாவுக்கு உங்கள் மேல் கோபம் தீரவில்லை. நீங்கள் வந்த அன்று டிராக்டர் ஷெட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். சமாதானம் செய்ய நான் முயலவில்லை. எனக்கும் முழுதாகத் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். மே மாத லீவில் அவள் இங்கேதான் இருந்தாள். அப்போதே ஒரு நாள் காதைக் குடைந்துகொண்டிருந்தாள். குளிர்காற்று பட்டிருக்கும் என்று பஞ்சை வைத்துவிட்டுக் காப்பகத்துக்கு ஓடினேன். இருபத்திரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். இதை நான் டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை, அவள் அத்தாவிடமும் சொல்லவில்லை.

ஜூனில் அவளைக் கீழே அனுப்புகிறேன். மதரஸாவுக்கும் வருவாள். இடது பக்கம் சுவர் இருக்கும்படி, முன் வரிசையில் உட்கார வையுங்கள்.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலும் எழுதியிருக்கிறாள். ஸ்டார் கேட்டு அனுப்பவில்லை. ஆலிமா படிக்கணும் என்றாள், அதற்காக.

இன்னொன்று. அன்று அடை சாப்பிடும்போது நீங்கள் வலது பக்கம் மட்டும் மென்றீர்கள். இடது பக்கம் மேல்பல்லும் ஆடுகிறது போலிருக்கிறது. மார்ச் 3ஆம் தேதி திங்கள் ஹாஜராவைக் காட்டப் போகிறோம். பல்லுக்கும் அங்கேயே பார்க்கிறார்கள். காலை எட்டு மணிக்குச் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். நோன்பு என்று சொல்லாதீர்கள், சும்மா காட்டிவிட்டு வந்தால் நோன்பு முறியாது என்பது உங்களுக்கே தெரியும்.

பல்கீஸ்

---

சின்னமனூர்
21.2.2025, வெள்ளி

பல்கீஸ் அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். 3ஆம் தேதி எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். மேல்பல் ஆடுகிறது, வலிக்கவும் செய்கிறது. தீபாவளிக்கு முன்பிருந்தே.

பஞ்சு வைத்ததை என்னிடம் சொன்னீர்கள். அது என்னிடம் இருக்கும்.

ஜூன் வந்ததும் சுவர் ஓரத்து இடம் ஹாஜராவுக்குத்தான். அங்கே இப்போது உட்காருகிறவளிடம் சொல்லிவிட்டேன். கமிட்டியிலும் நோட்டு தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நோட்டு படிப்பது இப்போது ஒரே நாளில் முடிவதில்லை. ஞாயிறு வரை ஆகிறது.

ஹாஜராவின் நோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். பிப்ரவரி 8ஆம் தேதி சபூர் பக்கத்தில், "கட்டு இறுக்கமாக இருந்தது. சிஸ்டரிடம் சொன்னேன். தளர்த்தினார்கள். மிச்ச வலிக்கு சபூர் செய்தேன்" என்று எழுதியிருக்கிறாள். அதற்கு ஸ்டார் போடவில்லை. கீழே ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன்: "இப்போதும் வலிக்கிறதா?"

பதிலை அவளையே எழுதச் சொல்லுங்கள். விஜயபாண்டியிடம் நாளைக்கே கொடுத்து விடுங்கள். காத்திருக்கிறேன்.

மஹ்மூதா